பனி தங்காத கோடு

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிண்டினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட கை இது. பெரிய ‘ற’ எங்கே, சின்ன ‘ர’ எங்கே என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பத்திரிகையில் திருத்தித்தான் போடுகிறார்கள். அதையும் தாண்டி வந்த பிழைகளை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன கிழமை, இங்கே மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் பெட்டி தூக்கப்போன கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர் மெட்ரோவில் என்னை மறித்து, “இவ்வளவு காலம் உழைச்சும் ஏன் நீங்கள் ஒரு வீடு கட்டேல்லை?” என்று கேட்டார். எனக்கு ஆட்களோடு நின்று கதைக்க வராது. சிரித்துவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டேன்.

கட்டத்தான் போனோம். கல்லும் வைத்தோம்.

வெள்ளைக்குக் குறுக்கே

தை மாதத்தில் ஒரு காலை. நகரின் மேற்கு ஓரத்தில், ரொக்ஸ்பரோவில், ஒரு வெறும் காணியின் ஓரத்தில் மூன்று பேர் நின்றோம். நான், என் மனைவி சாந்தி, அவளுடைய தமையன் குகன். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். காணி முழுக்க முழங்கால் அளவுக்குப் பனி.

அந்த வெள்ளைக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு போனது.

பின்வேலியில் தொடங்கி, வளைந்து, காணியின் வடகிழக்கு மூலையைத் தொட்டு, பக்கத்து வீட்டுச் சுவருக்கடியில் போய் மறைந்தது. ஓர் ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய அகலம். அந்தக் கோட்டில் மட்டும் பனி இல்லை. ஈரமான மண். அதில் புல் பச்சையாக இருந்தது. மேலே மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“இதென்ன அண்ணை?” என்றாள் சாந்தி.

“வெயில் படுற இடமாக்கும்.”

நான் வானத்தைப் பார்த்தேன். அன்றைக்கு வெயிலே இல்லை.

கையுறையைக் கழற்றி அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். சூடு என்று சொல்ல முடியாது. ஆனால் குளிரவும் இல்லை. படுத்திருக்கிற மாட்டின் வயிற்றில் கை வைத்தது போல இருந்தது. கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை.

கீழ் வீடு

நாங்கள் அப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்தோம். மொன்றியல் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, படி வெளியில். இரும்புப் படி, வளைந்து வளைந்து ஏறும். மாரியில் அதில் ஐஸ் பிடித்தால் உப்புப் போட்டுப் போட்டுத்தான் இறங்க வேண்டும். முந்தின மாரியில் சாந்தி அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவள் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. ஒரு கையால் பிள்ளை தூக்க முடியுமா? மாதக் கணக்கில் வீட்டில் இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் குகன் மச்சான் வந்து சொன்னார். “எனக்குக் காணி இருக்கு. ஒரு வீடு கட்டுவம். மேல நாங்கள். கீழ பேஸ்மென்டில நீங்கள். தனிக் கதவு, தனிக் குசினி. படி ஏறத் தேவையில்லை.”

“படி இறங்க வேணுமே,” என்றாள் சாந்தி.

“உனக்கு எதிலயும் ஒரு நொட்டை.”

எங்களுக்கு ஒரே மகள். அதுவரை அவளுக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. வரவேற்பறைச் சோபாவில்தான் படுத்தாள். மச்சான் வீட்டுப் படத்தை விரித்துக் காட்டியபோது, பேஸ்மென்டின் வடகிழக்கு மூலையில் இருந்த சின்னச் சதுரத்தில் விரலை வைத்து, “இது என்ர,” என்றாள். அன்றிலிருந்து அந்தச் சதுரம் அவளுடையதாகிவிட்டது. கட்டிலை எந்தச் சுவரோடு போடுவது என்றுகூடத் தீர்மானித்துவிட்டாள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது அந்த ஓர் அறைதான்.

வெளியில் இருப்பவை

மச்சானைக் கவனம் இல்லாத ஆள் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. கட்டடச் சாமான் ஏற்றுகிற லொறி ஓடுகிறவர். இங்கே கட்டப்படுகிற வீடுகளையெல்லாம் பார்த்தவர்.

“கட்ட முன்னம் வெளியில இருக்கிறதைப் பாக்க வேணும் மச்சான்,” என்பார். “உள்ளுக்க இருக்கிறது எங்கட கையில. பிழைச்சா இடிச்சுப்போட்டுக் கட்டலாம். வெளியில இருக்கிறது எங்கட கையில இல்லை.”

அப்படியே பார்த்தார். ஆறு எவ்வளவு தூரம் என்று பார்த்தார். வெள்ளம் வருகிற இடங்களுக்கு நிறம் தீட்டிய நகரசபை வரைபடத்தில் எங்கள் தெருவுக்கு நிறமே இல்லை. ரயில் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். பனி தள்ளுகிற வண்டி எந்தப் பக்கம் பனியைக் குவிக்கும், காற்று எங்கிருந்து அடிக்கும், பக்கத்து மேப்பிள் மரத்தின் வேர் எவ்வளவு தூரம் வரும், ஆடி மாதத்தில் இங்கே கட்டட வேலையாட்கள் எல்லோரும் ஒன்றாக விடுமுறை போய்விடுவார்களே, அதற்குள் கூரை ஏறுமா. முருகன் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்பதும் அவருடைய கணக்கில் இருந்தது.

கீழே என்ன இருக்கிறது என்பது மட்டும் பாக்கி. அதற்கு மண் பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டிருந்தார். அவர் மாசியில்தான் வர முடியும் என்றுவிட்டார். ஐயர் பார்த்துத் தந்த நாளோ தையில்.

“மண் பாக்கிறவர் பேந்து வரட்டும்,” என்றார் மச்சான். “அவர் வேற நாள் வருவார். நல்ல நாள் வேற நாள் வருமே?”

எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் தலையாட்டினேன்.

செருப்புகள் மிதந்து வந்த விடியல்

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு நிலத்துக்கடியில் படுத்த பழக்கம் உண்டு. சண்டைக் காலத்தில் எங்கள் வளவில் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினோம். அப்போதும் வெளியில் இருப்பவற்றை எல்லாம் பார்த்துத்தான் வெட்டினோம். மேலே மரம் மூடியிருக்கிறதா, ரோட்டிலிருந்து தள்ளி இருக்கிறதா, ஓடிப்போக எவ்வளவு நேரம். தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, அருமையாகச் செய்தோம்.

மாரி தொடங்கிய ஒரு விடியப்புறம், அதற்குள் படுத்திருந்த என் கன்னத்தில் ஏதோ மெதுவாக முட்டியது. கையால் தள்ளினேன். திரும்ப வந்து முட்டியது. கண்ணைத் திறந்தால் என்னைப் பெத்த ஐயாவின் செருப்பு. வாசலில் கழற்றிவிட்டது. தண்ணீர் சத்தமே இல்லாமல் நிலத்திலிருந்து ஊறி ஏறியிருந்தது. வெளியில் அப்போது ஒரு துளி மழைகூட இல்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் என்றால் மேலிருந்து வருகிற தண்ணீருக்கு நான் பயப்பட்டதில்லை.

கல் வைத்த காலை

ஐயர் வேட்டிக்குக் கீழே பனிச் சப்பாத்துப் போட்டு, மேலே தடித்த ஜாக்கெட்டும் குல்லாவுமாக வந்து இறங்கினார். “முருகா, இந்தக் குளிரில மந்திரம் வாய்க்குள்ளயே உறைஞ்சிடும் போல கிடக்கு,” என்றார். மச்சானின் மனைவி வதனியக்கா தாம்பாளத்தோடு நின்றா.

வடகிழக்கு, ஈசான மூலை. அங்கேதான் கல் வைக்க வேண்டும். மச்சான் பனியை விலக்கிப் பிக்கானை ஓங்கிப் போட்டார். ‘டங்’ என்று திரும்பி வந்தது. இன்னொரு முறை. நிலம் கொங்கிரீட் போல உறைந்திருந்தது. நான் வாங்கிப் போட்டேன். நெருப்புப் பொறிதான் பறந்தது.

“இஞ்சால போட்டுப் பாருங்கோ,” என்று ஐயர் அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டினார். “அதுவும் ஈசானம்தான்.”

மண்வெட்டி சோற்றுக்குள் கரண்டி போவது போல இறங்கியது.

எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியே மச்சான்! பூமாதேவி தானா இடம் விட்டிருக்கிறா,” என்றார் மச்சான். வதனியக்கா கையெடுத்துக் கும்பிட்டா. ஊரெல்லாம் உறைந்து கிடக்க, கல் வைக்க வேண்டிய மூலை மட்டும் இளகியிருந்தால் வேறு என்னவென்று நினைப்பது?

முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டினோம். ஐயர் மந்திரம் சொல்லிப் பாலை ஊற்றினார். பால் குழியில் தங்கவில்லை. வெள்ளையாக ஒரு கணம் தெரிந்தது, பிறகு இல்லை. ஒரு போத்தல் பாலும் அப்படியே. உறிஞ்சுகிற சத்தம் ஒன்று கேட்டது. ஐயர் ஒரு தரம் மந்திரத்தை நிறுத்திக் குழியைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

நவதானியம் போட்டார்கள். செவ்வந்திப் பூப் போட்டார்கள். மஞ்சள் நூல் சுற்றி முடிந்த கருங்கல்லை மச்சான் இரண்டு கையாலும் இறக்கி வைத்தார். கடைசியில் சாந்தியும் வதனியக்காவும் எங்களுக்கு ஆராத்தி எடுத்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர், இரத்தச் சிவப்பு. அதை எங்கே ஊற்றுவது?

“பனியில ஊத்தாதையுங்கோ,” என்று மச்சான் சிரித்தார். “கொலை நடந்திட்டுது எண்டு ஆரும் பொலிசைக் கூப்பிடுவினம். குழிக்க ஊத்துங்கோ.”

ஊற்றினார்கள். அதையும் நிலம் குடித்தது.

பக்கத்து வீட்டு மதாம்

பொங்கலும் வடையும் கார் பெட்டியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒரு வயதான மதாம், இரவு உடுப்புக்கு மேல் கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, பனியில் எங்களை நோக்கி வந்தாள். வலது கை மணிக்கட்டு வரை சிவப்பு.

பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். எனக்கு ‘பொன்ஜூர்’, ‘மெர்ஸி’க்கு மேலே போகாது. சாந்திக்கு நல்லாய் வரும். அவள் கையில் இருந்த வடை அப்படியே நின்றது.

“என்னவாம்?” என்றார் மச்சான்.

“ஆருக்குக் காயம் எண்டு கேக்கிறா. ஆளை உள்ளுக்க கொண்டுவரட்டாம், தான் அம்புலன்ஸ் கூப்பிடுறாவாம்.”

ஒருவருக்கும் காயமில்லை என்று சாந்தி சொன்னதும், மதாம் எங்களைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பேஸ்மென்டுக்கு இறங்குகிற படியில் கால் வைத்ததும் அந்த மணம் வந்தது, குளத்தங்கரை மணம். தை மாதத்தில், மூடிய வீட்டுக்குள். கீழே நிலத்தில் ஒரு வட்டக் குழி. அதற்குள் தண்ணீர் இறைக்கிற பம்ப். குழிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்தது. ஒருவர் நாள்தோறும் வந்து உட்காருகிற கதிரை என்று அதன் மெத்தையைப் பார்த்தாலே தெரிந்தது.

குழித் தண்ணீர் சிவப்பு.

மச்சான் குழியை எட்டிப் பார்த்தார். “துரு. இந்த நாட்டு மண்ணில இரும்பு கூட. எத்தினை பேஸ்மென்டில பாத்திருக்கிறன்.”

சாந்தி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஒரு செவ்வந்தி இதழ்.

“துருவில பூப் பூக்குமோ அண்ணை?”

மதாம் பம்பின் சுவிட்சை நிறுத்திவிட்டு, விரலை உதட்டில் வைத்தாள். கேட்கச் சொல்கிறாள். முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கனபேர் மெதுவாகக் கதைத்துக்கொண்டு போவது போல. வார்த்தை பிடிபடாது. நிற்கவும் இல்லை. அது எங்கள் காணிப் பக்கத்திலிருந்து வந்தது.

மதாம் மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல, சாந்தி தமிழில் சொன்னாள். செத்துப்போன கணவன் இதை ‘போகிறவர்கள்’ என்றுதான் சொல்வாராம். வீடு வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லையாம். வருடா வருடம் வீடு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்கிறதாம், திறந்து வைத்த கதவு தானாக மூடிக்கொள்கிறதாம். கரண்ட் நின்றால் அவள் இந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

நாங்கள் நின்ற அந்தச் சின்ன நேரத்துக்குள் குழி விளிம்பு வரை சிவப்பு ஏறிவிட்டது. அவள் சுவிட்சைத் திரும்பப் போட்டாள்.

மச்சான் வீட்டு மேசை

மண் பார்க்கிறவர் மாசியில் வந்தார். நல்ல பொடியன், அதிகம் கதைக்காதவர். குழாயை இறக்கி மண் எடுத்தார். மேலே மஞ்சள் மண், அதற்குக் கீழே செங்கல் துண்டும் குப்பையும், அதற்கும் கீழே கறுப்புச் சேறு. அந்தச் சேற்றில் நாணல் வேரும் சின்னச் சின்ன நத்தை ஓடுகளும் இருந்தன. ஒரு காலத்தில் இங்கே ஓர் ஓடை இருந்திருக்கிறது, யாரோ மண் போட்டு மூடியிருக்கிறார்கள், ஆனால் அது நிற்கவில்லை என்றார். நிலத்துத் தண்ணீருக்கு மாரியும் கோடையும் ஒரே சூடு, அதனால்தான் அதன்மேல் பனி தங்குவதில்லையாம். ஆழமாகத் தூண் இறக்கினால் மேலே கட்டலாம். பேஸ்மென்ட் வேண்டாம். சுவர் குறுக்கே வந்தால் தண்ணீர் பக்கத்து வீட்டின்மேல் திரும்பும் என்றும் சொன்னார்.

விளக்கம் கிடைத்தால் பயம் போகும் என்பார்கள். எனக்குப் போகவில்லை.

அந்த ஞாயிறு மச்சான் வீட்டில் சாப்பாடு. மச்சான் படத்தை விரித்தார். “ரெண்டு பம்ப் போடுவம். ஒண்டு நிண்டா மற்றது. சுவருக்குத் தார் பூசுவம். இந்த ஊரில பம்ப் இல்லாத வீடு இருக்கே?”

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“மச்சான், நான் பிள்ளையை அதுக்க படுக்க விடமாட்டன்.”

மச்சான் மெதுவாகச் சிரித்தார். “அட, அஞ்சாம் வகுப்பு இஞ்சினியர் கதைக்கத் தொடங்கிட்டார்.”

“அண்ணை!” என்றாள் சாந்தி.

“பகிடிக்கு அடியம்மா.” ஆனால் முகத்தில் பகிடி இல்லை. “சாந்தி, நான் இதை எனக்காகவோ செய்யிறன்? நீ அந்தப் படியில விழுந்து கிடக்கேக்க ஆர் தூக்கினது? இன்னொண்டு கேள். கல் வைச்சாச்சு. கல் வைச்ச வீட்டைக் கட்டாமல் விட்டா அது குடும்பத்தைத்தான் சுத்தும். கல் அங்க இருக்குமட்டும் வீடு அங்கதான்.”

நானும் அப்படி நம்பி வளர்ந்தவன்தான்.

சாந்திதான் ஐயருக்குப் போன் எடுத்தாள். ஐயர் யோசித்துவிட்டு, கல்லை வைத்தவரே தன் கையால் எடுத்து, மன்னிப்புக் கேட்டு, ஓடுகிற தண்ணீரில் விட்டால் தோஷமில்லை என்றார். எடுக்க மனம் இருந்தால் மட்டும் எடுங்கள் என்றாராம். மச்சான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மகள் ஒவ்வொரு நாளும், “மாமா எப்ப தொடங்குறாராம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கை போட்ட குழி

பனி உருகிய பிறகு ஒருநாள் மச்சான் தானாகவே வந்து வாசலில் ஹோர்ன் அடித்தார். “வாங்கோ, காணிக்குப் போவம்.” எடுக்கவா, பார்க்கவா என்று நாங்கள் கேட்கவில்லை. நானும் சாந்தியும் ஏறினோம்.

காணி முழுக்கப் பழுப்புப் புல். கறுப்புக் கோடு இப்போது தெரியவில்லை. ஆனால் மூலையில் ஒரு கைப்பிடி பச்சை, அன்றைக்குச் சிந்திய பயறும் எள்ளும் முளைத்திருந்தன. அதை வைத்து இடத்தைப் பிடித்தோம்.

நான் மண்ணை அள்ளினேன். முழங்கை ஆழம் வந்தது. கல் இல்லை. இன்னும் அள்ளினேன். சேறு. இன்னும். மண்வெட்டி எதிலும் முட்டவில்லை.

“தள்ளு,” என்று மச்சான் முழங்காலிட்டுக் கையை விட்டார். பிறகு படுத்தார். தோள் வரை கை உள்ளே போனது. கன்னம் சேற்றில். அப்படியே கிடந்தார். அவர் கண் எங்களைப் பார்க்கவில்லை, ஏதோ கேட்கிறவர் போல ஒரே இடத்தில் நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னலில் மதாம் திரைச்சீலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இழுக்குது,” என்றார் மச்சான்.

நான் அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கையை வெளியே எடுத்தபோது விரல்களில் ஏதோ சுற்றியிருந்தது. சாந்தி தன் சால்வையால் சேற்றைத் துடைத்தாள். மஞ்சள் நூல். ஐயர் போட்ட முடிச்சு அவிழவில்லை. கல்லைச் சுற்றியிருந்த அளவுக்கு வளையம் அப்படியே இருந்தது. நடுவில் கல் மட்டும் இல்லை.

மச்சான் ஈரப் புல்லில் உட்கார்ந்து அந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு நீலமாகியிருந்தது. சாந்தி அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள்.

“வைச்ச கல்லையே இந்த மண் வைச்சிருக்கேல்லை,” என்றார் கடைசியில். “பிள்ளையை வைச்சிருக்குமே?”

எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது மச்சான் என்னைக் கூப்பிட்டார். “மச்சான், பிள்ளைக்கு நான் சொல்லுறன். நீ சொன்னா உன்னோட கோவிப்பாள்.” அந்த மூன்று மாடியும் எங்களோடு ஏறி வந்தார். மகள் கதவைத் திறந்து, சேறு பிடித்த அவருடைய கன்னத்தைப் பார்த்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மாமா அவளைச் சோபாவில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார், கீழே கேட்ட குரல்களையும், போன கல்லையும், இனி அந்த அறை இல்லை என்பதையும்.

அவள் அழவில்லை. “அப்ப அங்க ஆர் இருக்கினம்?” என்று மட்டும் கேட்டாள்.

எழுதி முடித்தது, மொன்றியலில், கார்த்திகையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை.